வளைவில் இல்லாத எட்டுக் கம்புகள்

வேறொருவன் வலியில் துடித்துக்கொண்டிருந்த நேரத்தில், உங்கள் வாழ்க்கையின் மிக இனிமையான நாள்களை நீங்கள் கழித்ததுண்டா? இல்லை என்று அவசரப்பட்டுத் தலையாட்ட வேண்டாம். நம்மில் பலருக்கு அது தெரியவருவதே இல்லை. இங்குனுக்குத் தெரியவந்தது. தெரிந்த பிறகும் ஆறு வாரம் அவள் வாய் திறக்கவில்லை.

இங்குனுக்கு வயது ஐம்பத்தெட்டு. மலையிலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில் ஆற்றங்கரை ஊர் ஒன்றில், மருந்துக்கடையில் வேலை. இருபத்தாறு வருடத்தில் ஒருவருக்கும் மருந்தை மாற்றிக் கொடுத்ததில்லை. சீட்டைப் பார்ப்பாள், பெட்டியை எடுப்பாள், மறுபடி சீட்டைப் பார்ப்பாள். வரிசையில் நிற்பவர்கள் பெருமூச்சு விடுவார்கள். விட்டுக்கொள்ளட்டும். கணவன் பிரிந்துபோய்ப் பன்னிரண்டு வருடமாகிறது. போகும்போது அவன் சொன்ன குறையும் இதுதான்: "உன்கூட வாழறது பரீட்சை எழுதற மாதிரி இருக்கு."

அப்பா காகித ஆலைத் தொழிலாளி. ஓய்வு நாள்களில் முதுகில் பலகை சுமந்து மலையேறி, ஏழு கோடைகளில் ஸ்கார்லி என்ற மலைச்சரிவில் ஒரு மரக்குடில் கட்டினார். அப்போது அந்தச் சரிவில் மூன்றே குடில்கள். இப்போது இருபத்திரண்டு. புதியவையெல்லாம் தலைநகரத்து வழக்கறிஞர்களும் பல் மருத்துவர்களும் கட்டியவை. தரைக்கடியில் சூடேற்றும் கம்பி, குழாயைத் திறந்தால் வெந்நீர். இங்குனின் குடிலில் இன்னும் விறகடுப்புதான். கழிப்பறைக்கு வெளியே முப்பது அடி நடக்க வேண்டும்.

குடில்களுக்கும் பள்ளத்தாக்குக்கும் இடையில் நான்கு கிலோமீட்டர் மண்சாலை. குளிர்காலத்தில் அதில் பனி தள்ளுபவன் ஹால்கெயர். கீழே ஆட்டுப்பண்ணை வைத்திருப்பவன், நாற்பத்தேழு வயது. பத்தொன்பது குளிர்காலமாக அவனுடைய டிராக்டர் திறந்துவிடும் வழியில்தான் அந்தக் குடும்பங்களெல்லாம் ஏறி இறங்குகின்றன.

பனி விழுந்து மூடிவிட்டால் சாலை, பள்ளம், ஓடை எல்லாம் ஒரே வெள்ளை விரிப்பு. அதனால் ஒவ்வோர் அக்டோபரிலும் ஒரு சனிக்கிழமை குடில்காரர்கள் எல்லோரும் கூடி, சாலையின் இரு ஓரமும் கம்பு நடுவார்கள். ஒன்றரை ஆள் உயர மூங்கில். நுனியில் வெளிச்சம் பட்டால் மின்னும் சிவப்புப் பட்டை. எந்தக் குடும்பம் எந்தத் துண்டுச் சாலைக்குப் பொறுப்பு என்று குடில்காரர்களின் சங்கத்தில் பட்டியல் உண்டு. நட்டு முடித்ததும் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு சூப், காபி, அரட்டை. பனி தள்ளுகிறவனுக்குச் சாலை என்பது அந்தக் கம்புகள்தான். வேறு சாலை அவன் கண்ணுக்குக் கிடையாது.

இங்குனின் பொறுப்பு, குடிலுக்குக் கீழே ஓடையைத் தாண்டும் வளைவு. மற்றவர்கள் காலடி அளந்து நடுவார்கள். அவள் நாடா பிடித்து அளந்து நட்டாள்.

பிப்ரவரி விடுமுறை வாரத்தில் அவளுடைய அக்கா குன்வோர் வந்தாள். அறுபத்தொரு வயது, முப்பது வருடம் தலைநகரத்தில் டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவள். வாய் ஓயாதவள். அப்பா இறந்தபின் சகோதரிகள் சாவு வீடுகளில் மட்டும் சந்தித்துக்கொண்டிருந்தார்கள். சண்டை ஒன்றும் இல்லை. கூப்பிட ஆளில்லை, அவ்வளவுதான். இந்த முறை இங்குன் கூப்பிட்டாள்.

வியாழக்கிழமை வானம் கண்ணாடிபோல் இருந்தது. குடிலுக்குப் பின்னால் இருக்கும் சரிவைப் பார்த்ததும் குன்வோருக்குக் கால் பரபரத்தது.

"இங்குன், இந்தச் சரிவுல சறுக்குப் பந்தயத்துல நீ என்னை ஒரு தடவையாவது ஜெயிச்சிருக்கியா?"

"ஜெயிச்சிருக்கேன். உனக்குக் கணுக்கால் சுளுக்கினப்ப."

"அது கணக்குல வராது. இன்னிக்குப் பாத்துருவோம். கம்பு நட்டு வளைஞ்சு வளைஞ்சு போகணும். சும்மா நேரா சறுக்கினா அதுக்கு பேரு பந்தயமா? மூட்டை உருண்டு வர்றது."

"கம்புக்கு எங்க போறது?"

குன்வோர் மோவாயால் கீழே காட்டினாள். வளைவின் வெளியோரத்தில், ஓடைப் பக்கமாக, சிவப்புப் பட்டையோடு வரிசையாக நின்றன பனிக்கம்புகள். குடிலுக்கு ஆகக் கிட்டத்தில் இருந்தவை அவைதான்.

"அது சாலைக்கு நட்டது குன்வோர்."

"சாலை எங்கயும் ஓடிராது. சாயங்காலம் திருப்பி நட்டுருவோம். பனி எப்ப வருதாம்?"

நாளை காலைதான் என்று வானிலை அறிக்கை சொல்லியிருந்தது. இங்குன் அதை இரண்டு முறை கேட்டிருந்தாள். ஆகவே எட்டுக் கம்புகளைப் பிடுங்கினாள். பிடுங்கியது அவள் கைதான்; அக்காவுக்கு முதுகு வலி. ஒவ்வொன்றையும் பிடுங்கும்போது உறைந்த மண்ணில் இருந்த ஓட்டையின் இடத்தை மனத்தில் குறித்துக்கொண்டாள்.

அந்த மதியம் இரண்டு பேரும் சிறுமிகளானார்கள் என்று எழுதினால் அது பொய். கிழவிகளாகவே இருந்தார்கள், மூட்டு முறுக்கிக்கொண்டது, விழுந்தால் எழுந்திருக்கப் பத்து நிமிடம் ஆனது. ஆனாலும் இங்குன் வயிறு வலிக்கச் சிரித்தாள். கடைசியாக எப்போது அப்படிச் சிரித்தாள் என்று அவளுக்கு நினைவில்லை. குன்வோர் நாலு தடவை ஜெயித்தாள். அதில் நேர்மையாக ஜெயித்தது இரண்டு தடவை இருக்கலாம்.

மூன்று மணிக்குப் பனி தொடங்கியது. அறிக்கையைவிடப் பதினைந்து மணி நேரம் முன்னதாக. முதலில் உமிபோல், பிறகு பஞ்சுப் பொதி அவிழ்த்துக் கொட்டியதுபோல். சறுக்கும்போது முட்டிச் சாய்த்த கம்புகளைச் சரிவிலேயே போட்டுவிட்டு இருவரும் உள்ளே ஓடினார்கள். அடுப்பை மூட்டினார்கள். ஈரக் காலுறைகளைக் கழற்றிக் கொடியில் போட்டார்கள்.

"கம்பு," என்றாள் இங்குன்.

"இப்பவா? காலு இப்பத்தான்டி சூடேறுது. காலையில பாத்துக்கலாம்."

இங்குன் கதவைப் பார்த்தாள். கதவுக்கும் அவளுக்கும் இடையே ஆறு அடி. பூட்ஸ் ஈரமாக இருந்தது. அடுப்பு உறுமத் தொடங்கியிருந்தது. சட்டியில் புளிப்பாலாடைக் கஞ்சி. இருபத்தாறு வருடத்தில் ஒருவருக்கும் மருந்தை மாற்றிக் கொடுக்காத அந்தப் பெண் நாற்காலியை அடுப்புப் பக்கம் இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். உலகத்தில் நடக்கிற தீங்குகளில் பெரும்பங்கு இப்படித்தான் நடக்கிறது. கெட்ட எண்ணம் வேண்டியதில்லை. சூடான நாற்காலி ஒன்று இருந்தால் போதும்.

வெள்ளிக்கிழமை காலையில் கதவு திறக்கவில்லை. ஜன்னல் வழியாகக் குதித்து, மண்வாரியால் கதவைத் தோண்டி எடுத்தார்கள். கழிப்பறைக்கு மார்பளவு ஆழத்தில் பாதை வெட்டினார்கள். கம்புகளைத் தேடப்போக வழியில்லை. சரிவு எங்கே, சாலை எங்கே என்றே தெரியவில்லை. அலைபேசியில் சிக்னலும் போயிருந்தது. பள்ளத்தாக்கில் மின்சாரம் இல்லை என்று ஊகித்தார்கள். குன்வோர் தன் அலைபேசியை அணைத்து ரொட்டிப் பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

"அப்பாடா. இனிமே என் பசங்க எனக்குப் புத்தி சொல்ல முடியாது."

"ஹால்கெயர் வந்துட்டா?"

"வரட்டும். அவசரம் ஒண்ணுமில்லன்னு காபி குடுத்து அனுப்பிரலாம்."

காற்று சனிக்கிழமை காலையில் சற்று அடங்கியது. வாஃபிள் அப்பம் சுட்டுக்கொண்டிருந்தபோது தொலைவில் இன்ஜின் சத்தம் கேட்டது. வருகிறான் என்று இருவரும் முகத்தைச் சுளித்தார்கள். விடுமுறை முடிந்துவிட்டதே என்ற சுளிப்பு. பிறகு அந்தச் சத்தம் நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து ஹாரன். நீளமாக ஒன்று. இடைவெளி விட்டு இன்னொன்று. பிறகு மூன்றாவது.

"என்ன அது?" என்றாள் இங்குன்.

"திரும்பிப் போறான். போறேன்னு சொல்றான்."

"அதுக்கு மூணு தடவையா?"

"முப்பது வருஷம் வண்டி ஓட்டினவ நான். உனக்கு ஹாரனைப் பத்தி என்னடி தெரியும்? மாவைப் பாரு, கருகுது."

இங்குன் ஜன்னலருகே போனாள். வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. வளைவு, மேட்டுக்கு அந்தப் பக்கம். அவள் கையை உயர்த்தி, கண்ணுக்குத் தெரியாத டிராக்டருக்கு டாட்டா காட்டினாள். குன்வோரும் வாஃபிள் கரண்டியை ஆட்டினாள். இருவரும் சிரித்தார்கள்.

ஞாயிறும் திங்களும் வெயில். அவ்வளவு அழகான பனியை இங்குன் வாழ்நாளில் பார்த்ததில்லை. மரங்கள் குனிந்து நின்றன. நிழல்கள் நீலமாக விழுந்தன. கூரைக்கு ஏணி வைத்து ஏறி, ஏழடி கீழே பனிக்குள் குதித்தார்கள். இடுப்புவரை புதைந்த அக்காவைத் தோண்டி எடுக்க அரை மணி நேரம் ஆயிற்று.

"விட்டுரு. மே மாசம் நானே முளைச்சு வர்றேன்," என்றாள் குன்வோர்.

பனியைச் சட்டியில் உருக்கித் தண்ணீர் எடுத்தார்கள். உப்பிட்டு உலர்த்திய ஆட்டுத்தொடையைச் சீவிச் சீவித் தின்றார்கள். அம்மா ஏன் கடைசி வருடங்களில் பேசாமலே இருந்தாள் என்று, வாழ்க்கையில் முதல் முறையாகப் பேசினார்கள். இங்குன் அழுதாள். குன்வோர் கைக்குட்டை தேடி, கிடைக்காமல், கரித்துணியை நீட்டினாள். திங்கள் மாலை ஜன்னலோரம் உட்கார்ந்து மலை சிவப்பதைப் பார்த்தபோது, இந்தச் சாலை இன்னும் பத்து நாள் திறக்காமல் இருக்கட்டும் என்று இங்குன் மனதார விரும்பினாள்.

செவ்வாய்க்கிழமை சாலை திறந்தது. வந்தது ஹால்கெயரின் டிராக்டர் அல்ல. நகரத்து நிறுவனம் ஒன்றின் பெரிய இயந்திரம். அதன் பின்னால் காரில் வந்து இறங்கினார் குடில் சங்கத் தலைவர் யூஸ்தைன். ஓய்வு பெற்ற பள்ளி ஆய்வாளர். எழுபது வயதிலும் விறைப்பாக நடப்பவர்.

"உயிரோட இருக்கீங்களா ரெண்டு பேரும்? நல்லது. உங்களுக்கு விஷயம் தெரியாதுல்ல. ஹால்கெயர் சனிக்கிழமை உங்க வளைவுல ஓடைக்குள்ள விழுந்துட்டான். டிராக்டர் சாஞ்சு கால் மாட்டிக்கிச்சு. அஞ்சு மணி நேரம் கிடந்திருக்கான். அவன் பெண்சாதி பயந்துபோய் பக்கத்துப் பண்ணைக்காரரைப் பனி ஸ்கூட்டர்ல அனுப்பினதால தப்பிச்சான்."

இங்குன் கையிலிருந்த காபிக் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தாள். எங்கே வைக்கிறோம் என்று பார்த்து வைத்தாள்.

"கால்?"

"முழங்காலுக்குக் கீழ ரெண்டு எடத்துல முறிவு. கால்விரல் மூணை எடுத்துட்டாங்க, குளிர்ல செத்துப்போச்சு. வேகமா வந்திருப்பான், வேற என்ன. இப்ப வளைவுல கம்பே இல்லன்னு சொல்றான். இருபத்திரண்டு பேர் நட்டு, கையெழுத்துப் போட்டது. அதுவும் உங்க வளைவுல. வேற யார் துண்டா இருந்தாலும் ஒரு சந்தேகம் வரும்." அவர் பாராட்டுகிற பாவனையில் தலையசைத்தார். "என்ன செய்யறது. மலை இப்படித்தான். சில வருஷம் அது ஆளைக் கேட்குது."

மலை யாரையும் கேட்பதில்லை. அது கல்லும் மண்ணும் உறைந்த நீரும். அதற்கு வாயில்லை, பசியில்லை, விருப்பமில்லை. எட்டு ஓட்டைகளிலிருந்து எட்டு மூங்கில்களைப் பிடுங்கியது ஒரு மனிதக் கை. விபத்து நடந்தவுடன் விதி என்றும் இயற்கையின் சீற்றம் என்றும் பேசுகிறவர்கள் அந்தக் கையைத்தான் மறைக்கிறார்கள், தெரிந்தோ தெரியாமலோ. அந்தக் கையை இங்குன் இப்போது ஏப்ரனில் துடைத்துக்கொண்டிருந்தாள். 

வளைவை நகரத்து இயந்திரம் கிளறிப் போட்டிருந்தது. கம்பு இருந்ததா இல்லையா என்பதற்கு அங்கே எந்தத் தடயமும் இல்லை. எட்டுக் கம்புகளும் சரிவில் ஒரு மீட்டருக்கும் அதிகமான பனிக்குக் கீழே கிடந்தன.

  யூஸ்தைன் போனபின் குன்வோர் சொன்னாள்: "அந்த ஹாரன்..."

"சொல்லாதே," என்றாள் இங்குன்.

மார்ச் மாதம் மருந்துக்கடையில் அவள் சீட்டை மூன்று முறை பார்க்கத் தொடங்கினாள். பிறகு நான்கு முறை. கார் ஹாரன் கேட்டால் எடுத்த பெட்டியைத் திருப்பி வைத்து, மறுபடி தொடங்கினாள். ஆனால் அவளை வதைத்தது ஹாரன் மட்டுமல்ல. ஞாயிறும் திங்களும் அவள் பட்ட சந்தோஷம். அதை அழிக்கப் பார்த்தாள், முடியவில்லை. கூரையிலிருந்து குதித்ததை நினைத்தால் இப்போதும் உதட்டோரம் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு, அப்போது ஹால்கெயர் ஆஸ்பத்திரியில் விரல்களை இழந்துகொண்டிருந்தான் என்ற நினைப்பில் முட்டி நின்றது. சந்தோஷம் பொய்யாக இருந்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பாள். அது நிஜமாக இருந்தது.

சங்கத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. ஈஸ்டர் விடுமுறை தொடங்கும் குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தைய சனிக்கிழமை கூட்டம். ஹால்கெயரின் ஒப்பந்தத்தை முடித்து, நகரத்து நிறுவனத்துக்குக் கொடுப்பது பற்றி வாக்கெடுப்பு. கம்புகள் முறையாக நடப்பட்டிருந்தன என்று காப்பீட்டு நிறுவனத்துக்குச் சங்கம் எழுதும் கடிதத்துக்கு ஒப்புதல். அந்தக் கடிதம் போனால் தவறு ஹால்கெயருடையதாகிவிடும், காப்பீட்டுப் பணம் வராது, டிராக்டர் போனது போனதுதான்.

அவள் ஹால்கெயரைப் பார்க்கப் போனாள். சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் போனாள். மலைப்பழ ஜாம் ஒரு பாட்டில் கொண்டுபோனாள். போகிற வழியில் அந்தப் பாட்டில் அவளுக்கே அவமானமாக இருந்தது.

அவன் சமையலறையில், மாவுக்கட்டுப் போட்ட காலை முக்காலிமேல் நீட்டி உட்கார்ந்திருந்தான். மனைவி சிக்னி கொட்டகையிலிருந்து வந்தாள், பூட்ஸில் வைக்கோல் ஒட்டியிருந்தது. இன்னும் மூன்று வாரத்தில் ஆடுகள் குட்டி போடத் தொடங்கும். நூற்றிருபது ஆடுகள், ஒற்றை ஆள்.

"வாங்க இங்குன். ஏழு விரல்காரனைப் பாக்க வந்தீங்களா," என்றான் ஹால்கெயர். "மூணு போனதுல ஒரு லாபம். காலுறை சீக்கிரம் கிழியாது."

சிக்னி சிரிக்கவில்லை. காபி ஊற்றிக்கொண்டே கேட்டாள்: "நீங்க நாலு நாளும் மேலதான் இருந்தீங்க. உங்க வளைவுதான். நீங்களே சொல்லுங்க. கம்பு இருந்துச்சா இல்லியா?"

 உண்மை இங்குனின் நாக்கு நுனிவரை வந்தது. அவள் சொன்னது இதுதான்:

"அந்தப் பனியில... எதுவுமே தெரியல சிக்னி."

மருந்துக்கடையில் இதற்குப் பெயர் மருந்தை மாற்றிக் கொடுப்பது.

"பாத்தியா," என்றான் ஹால்கெயர் மனைவியிடம். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்து, கொஞ்சம் மெதுவாக: "ஒருவேளை இருந்திருக்கும். நான்தான் பாக்கலையோ என்னமோ. பத்தொன்பது வருஷமா அந்தக் கம்பைப் பாத்துப் பாத்து... கண்ணு பழகிப்போயிருக்கும். அத்தனை படிச்சவங்க கையெழுத்துப் போட்டிருக்காங்க. அவங்க எல்லாருமா பொய் சொல்வாங்க?"

விரல் போனதைவிட இதுதான் கொடுமை. ஒரு மனிதன் தன் கண்ணால் கண்டதை, படித்தவர்கள் இருபத்திரண்டு பேரின் தாளுக்கு முன்னால் நம்பாமல் போகத் தொடங்கியிருந்தான். காகித ஆலையில் இயந்திரத்தில் கைவிட்டு விரல் இழந்தவர்களிடம் முதலாளிகள் வாங்கியதும் இதே வாக்குமூலம்தான்: நான்தான் கவனிக்கலை. அப்பா அதைச் சொல்லிச் சொல்லி மேசையைக் குத்துவார். அந்த மேசையில் வளர்ந்தவள் காபியைக் குடித்து முடித்து, நன்றி சொல்லி, எழுந்து வந்தாள்.

அன்று மாலை குன்வோருக்குப் போன் செய்தாள்.

"நான் சொல்லிரப்போறேன்."

"யாருக்கு என்ன லாபம்? முளைச்சு வருமா அவன் விரல்?"

"டிராக்டர் வரும். வேலை போகாது."

"என்னையும் சேத்து இழுத்துட்டுப் போவ. கிழவி கூத்தடிச்சு ஒருத்தன் காலை ஒடிச்சான்னு பேப்பர்ல போடுவான். நான் என் பசங்க மூஞ்சில எப்படி முழிக்கிறது? மே மாசம் பனி உருகட்டும். நானே வந்து எடுத்து ஓரமாப் போட்டுர்றேன். ஒருத்தனுக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமே குன்வோர்."

மறுமுனையில் போன் வைக்கப்பட்டது.

கூட்டத்தன்று நல்ல வெயில். ஸ்கார்லியில் வழக்கம்போல் வெளியே, பனியில் வெட்டிய திண்டில் ஆட்டுத்தோல் விரித்து உட்கார்ந்தார்கள். ஆளுக்கொரு ஆரஞ்சு, காபிக் குடுவை, முகத்தில் வெயில் களிம்பு. கடைசி வரிசையில் குன்வோர் இருந்தாள். முந்தின நாள் பேருந்தில் வந்திருந்தாள். தங்கையோடு ஒரு வார்த்தை பேசவில்லை. உன்னைத் தடுக்க வந்தேன் என்ற முகம்.

யூஸ்தைன் கடிதத்தை வாசித்தார். "இருபத்திரண்டு துண்டுகளிலும் கம்புகள் முறையாக நடப்பட்டிருந்தன என்று சங்கம் உறுதி கூறுகிறது." ஆட்சேபம் உண்டா என்று, இல்லை என்ற பதிலை எதிர்பார்க்கும் குரலில் கேட்டார்.

இங்குன் எழுந்தாள்.

"வளைவுல எட்டுக் கம்பு இல்ல. நான் பிடுங்கினேன். பனிச்சறுக்குப் பந்தயத்துக்கு. திருப்பி நடல."

யாரோ ஆரஞ்சு உரிப்பதை நிறுத்தினார்கள். யூஸ்தைன் கண்ணாடியைக் கழற்றினார். அவர் குரலில் கோபமில்லை; பரிவு இருந்தது. அதுதான் மோசம்.

"இங்குன், உங்க மனசு எங்களுக்குத் தெரியும். அவனைப் போய்ப் பாத்தீங்கன்னு கேள்விப்பட்டேன். பாவமாத்தான் இருக்கும். அதுக்காக இல்லாத பழியைத் தலையில தூக்கிப் போட்டுக்க வேணாம்."

"இல்லாத பழி இல்ல."

"நீங்க நாடா வெச்சு அளந்து நடற ஆளு. நாங்க உங்களைக் கேலி பண்ணியிருக்கோம் அதுக்காக," என்றார் பல் மருத்துவர் ஒருவர். சிலர் சிரித்தார்கள். "அக்டோபர்ல கையெழுத்து இருக்கே."

"அக்டோபர்ல நட்டேன். பிப்ரவரியில பிடுங்கினேன்."

"பரவால்ல, உக்காருங்க. குறிப்புல எழுதிக்கறோம்," என்றார் யூஸ்தைன். அவர் பார்வை கடிதத்துக்குத் திரும்பியது.

அவர்கள் அவளை நம்பாததற்குக் காரணம் அவளுடைய நல்ல பெயர் மட்டுமல்ல. அவளை நம்பினால் கடிதத்தைக் கிழிக்க வேண்டும். பெரிய இயந்திரத்தைக் கைவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆடு வளர்ப்பவன் சொன்னது உண்மை, நாம் சொன்னது பொய் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். கருணை என்று அவர்கள் நினைத்துக்கொண்டது உண்மையின்மேல் போட்ட ஒரு பூட்டு.

இங்குன் திண்டில் சாத்தியிருந்த மண்வாரியை எடுத்துக்கொண்டு, தன் குடிலுக்குப் பின்னால் இருந்த சரிவில் ஏறினாள். சிலர் எழுந்து பார்த்தார்கள். அவள் ஓரிடத்தில் நின்று தோண்டத் தொடங்கினாள். மேல்பனி வெயிலில் உருகி இரவில் உறைந்து ஓடுபோல் இருந்தது. கால் மணி நேரம் ஆயிற்று, ஒன்றும் வரவில்லை. இரண்டடி தள்ளித் தோண்டினாள். மூச்சு வாங்கியது. கீழே யூஸ்தைன், "இது தேவையா?" என்று யாரிடமோ கேட்டது காதில் விழுந்தது. பிறகு மண்வாரி மூங்கிலில் மோதியது. சிவப்புப் பட்டையோடு ஒன்று வெளியே வந்தது.

 இரண்டாவது கிடைத்தது. மூன்றாவது கிடைக்கவில்லை. இங்குன் அங்கேயும் இங்கேயுமாகக் குத்திப் பார்த்தாள்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"இன்னும் இடப்பக்கம் போடி. அங்கதான் நீ விழுந்த. பிடுங்கச் சொன்னதே நான்தான், எனக்குத் தெரியாதா."

கூட்டம் முழுவதும் திரும்பிக் குன்வோரைப் பார்த்தது. அவள் யாரையும் பார்க்காமல் சரிவேறி வந்து, தங்கையின் கையிலிருந்து மண்வாரியைப் பிடுங்கினாள். "தள்ளு. மாவு பிசையற மாதிரி தோண்டற."

எட்டாவது கம்பு வெளியே வர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. கடைசி இரண்டைப் பல் மருத்துவர்தான் தோண்டினார். கடிதம் வாக்குக்கு வரவில்லை. வேறொரு கடிதம் எழுதப்பட்டது. அதை யூஸ்தைன் நிறுத்தி நிறுத்தி எழுதினார். இங்குனின் பெயர் அதில் இருந்தது. இரண்டாவது வரியில் குன்வோரின் பெயரும்.

அன்றைக்கே இங்குன் பண்ணைக்குப் போனாள், தனியாக, கையில் எதுவும் கொண்டுபோகாமல். நின்றுகொண்டே சொன்னாள்.  கேட்டு முடித்ததும் ஹால்கெயர் இரண்டு கைகளாலும் முகத்தை அழுத்தித் துடைத்தான்.

"அப்ப நான் பாத்தது சரிதான்," என்றான். "கம்பு இல்ல. சிக்னி, கேட்டியா? கம்பு இல்ல."

அதை மூன்று நான்கு தடவை சொன்னான். முகத்தில் கிட்டத்தட்ட மகிழ்ச்சி இருந்தது. பிறகு அது மெல்ல வடிந்தது.

"நான் ஹாரன் அடிச்சேன். கேட்டுச்சா?"

இந்தக் கேள்விக்கு இல்லை என்று சொல்லியிருக்கலாம். யாரும் தோண்டி எடுக்க முடியாத இடம் அது. குன்வோரைத் தவிர சாட்சி கிடையாது. அவனுக்கும் அது ஆறுதலாக இருந்திருக்கும்.

"கேட்டுச்சு," என்றாள் இங்குன். "மூணு தடவை. திரும்பிப் போறீங்கன்னு நெனச்சோம். ஜன்னல்ல இருந்து டாட்டா காட்டினேன்."

 ஹால்கெயர் மாவுக்கட்டுப் போட்ட காலை முக்காலியிலிருந்து இறக்கினான்.

"நீங்க இப்பக் கிளம்புங்க," என்றான். கத்தவில்லை. "ஆடு குட்டி போடறப்ப ஆள் வேணும். அதுக்கு வேணா வாங்க. இப்பப் போங்க."

ஏப்ரலில் இங்குன் மருந்துக்கடையில் விடுப்பு எடுத்துக்கொண்டு போனாள். பதினேழு நாள் கொட்டகையில் இருந்தாள். ஹால்கெயர் அவளிடம் ஆட்டைப் பற்றிப் பேசினான், வேறெதைப் பற்றியும் பேசவில்லை. மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை. அடுத்த குளிர்காலம் அவன் புது டிராக்டரில், கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்து, சாலையைத் திறந்தான். முதல் பனி விழுந்த காலையில் இங்குன் ஜன்னலருகே நின்றாள். மலை அப்படியே அழகாக இருந்தது, அவள் மனம் அப்படியே துள்ளியது, துள்ளிய கணமே கூசியது. இரண்டும் இனி சேர்ந்தேதான் வரும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

இதைப் படிக்கிற உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நீங்கள் செய்ததற்கு, அல்லது செய்யாமல் விட்டதற்கு, வேறொருவர் எங்கோ பழி சுமந்துகொண்டிருக்கலாம். அலுவலகத்தில், பள்ளியில், உங்கள் வீட்டிலேயே. தன் கண்ணையே அவர் சந்தேகிக்கத் தொடங்கியிருக்கலாம். அவர் பெயர் உங்களுக்குத் தெரியும். மன்னிப்பை எதிர்பார்க்காமல், கையில் பரிசு எதுவும் எடுத்துக்கொள்ளாமல், இன்றைக்கே போய் அவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். அவர் கேட்கிற கடைசிக் கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டு வாருங்கள்.